ஜாதகத்தில் பதினேழு, காகிதத்தில் பத்தொன்பது

1

சித்தப்பா மகன் பஞ்சநாதன் நாகப்பட்டினத்திலிருந்து போட்ட கடிதம் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, போன செவ்வாய்க்கிழமை சுங்கை சிப்புட் தபாலாபீசுக்கு வந்து சேர்ந்தது. அவனுடைய மூத்த பையன் இரண்டு வகுப்புகளைத் தாண்டிப் படித்துவிட்டானாம். பதினைந்து வயதிலேயே கல்லூரியில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்களாம். "நீங்கள் நடேசனை அந்த வயதில்தானே சிங்கப்பூருக்கு அனுப்பினீர்கள். அனுபவப்பட்டவர். அனுப்பலாமா, இரண்டு வருஷம் நிறுத்தி வைக்கலாமா என்று இரண்டு வரி எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறான்.

இரண்டு வரி எழுத ஐந்து நாளாக முயன்றேன். முடியவில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் நடேசன் இப்போது சிங்கப்பூரில் இல்லை. இங்கே என்னோடு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறான். டாக்டர் படிப்பை விட்டு ஆறு மாதம் ஆகிறது. ஊரில் நீங்கள் எல்லோரும் அவன் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்கும்படி எழுதியவன் நான்தான்.

வருஷத்துக்கு இரண்டு முறை நான் எழுதி அனுப்பும் மலாய்நாட்டுக் குறிப்புகளைப் பஞ்சு நம் வாசகசாலையில் உரக்கப் படித்துக் காட்டுகிறான் என்று தெரியும். ஈயக் குழிகளைப் பற்றியும், டுரியான் பழத்தின் நாற்றத்தைப் பற்றியும், ரப்பர் காட்டில் யானை புகுந்த கதையைப் பற்றியும் எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதையும் படிக்கட்டும். சிரிக்க ஒன்றும் இருக்காது.

நேற்று கார்த்திகை மாதத்து ரோகிணி, நடேசனுடைய பிறந்த நட்சத்திரம். என் வீட்டுக்காரி கனகம் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ஜாதகப்படி அவனுக்கு நேற்றோடு பதினேழு முடிந்தது. சர்க்கார் காகிதப்படி பத்தொன்பது. அவன் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "போதும்மா, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டான். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கூப்பிடுகிறவன் என் மகன்.

2

என் வேலையைப் பற்றி இதுவரை பெருமையாகவே எழுதி வந்திருக்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் சிக்கலானால் ஈப்போவுக்கு வண்டி சொல்வது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு வேலையை மட்டும் எழுதியதில்லை. வயது போடும் வேலை.

இங்கே கப்பலில் வந்திறங்கிய பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி சொல்லும் காகிதம் எதுவும் கிடையாது. எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு வயது ஆனால்தான் ஒரு பிள்ளையை அரைச் சம்பளத்துக்கு 'அரை ஆள்' என்று செக்ரோலில், அதாவது ஆள் கணக்குப் புத்தகத்தில், பதிவு செய்வார்கள். பன்னிரண்டு ஆகிவிட்டதா என்று சொல்ல வேண்டியவன் டிரஸர். வாயைத் திறக்கச் சொல்லி, கடைசியில் விரலை விட்டுப் பார்ப்பேன். கீழ்வரிசையில் இரண்டாவது பெரிய கடைவாய்ப்பல் முளைத்திருந்தால் பன்னிரண்டு. வெறும் ஈறாக இருந்தால் இல்லை.

ஈறாக இருந்த வாய்களுக்கும் நான் பன்னிரண்டு போட்டிருக்கிறேன். எத்தனை என்று கேட்காதீர்கள். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளையின் தாய் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இன்னொரு ஆள் சம்பளம் வந்தால் அந்த வீட்டில் ஒருவேளை கூடுதலாக அடுப்பு எரியும். ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவதில் எனக்கென்ன நஷ்டம்? புண்ணியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் மறுநாள் விடியலில் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் ஏறுவதை நான் போய்ப் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கத்தை நான் இங்கே கற்றுக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது. பஞ்சு, உனக்கு நினைவிருக்கும். நம்மைப் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது. உனக்கு நீளக் கை, நாலு வயதிலேயே தொட்டுவிட்டாய். நான் ஆறு வயதாகியும் எட்டாமல் அழுதேன். பிறகு வகுப்பு முழுவதற்கும் ஆனி மாதம் முதல் தேதியையே பிறந்தநாளாக எழுதிவிட்டு அவர் வெற்றிலை போடப் போய்விட்டார். வயது என்பது கேட்கிறவரின் வசதிக்குச் சொல்வது என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. அதைக் கப்பலில் கூடவே கொண்டுவந்துவிட்டேன்.

3

நடேசன் கைக்குழந்தையாக வந்தவன். நன்றாகப் படித்தான். தோட்டத்தில் இங்கிலீஷ் பள்ளி இல்லாததால் ஈப்போவில், புந்தோங்கில் இருக்கும் முத்தையா வீட்டில் தங்கிப் படித்தான். முத்தையா ரயில்வேயில் வேலை பார்ப்பவர், எனக்குக் கப்பல் சிநேகம். அவருக்கு நாலு பிள்ளைகள், ஐந்தாவதாக நடேசன். பள்ளியில் இரண்டு முறை டபுள் புரமோஷன் கொடுத்தார்கள். பள்ளியின் கடைசிப் பரீட்சையான சீனியர் பரீட்சை முடிவு வந்தபோது அவனுக்குப் பதினைந்தும் சில மாதங்களும்.

ஹெட்மாஸ்டர் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சிங்கப்பூர் வைத்தியக் கல்லூரிக்கு உபகாரச் சம்பளத்தோடு ஓர் இடம் இருக்கிறது, இந்த வருஷம் சிபாரிசு செய்ய முடியும், அடுத்த வருஷம் அவர் சீமைக்குப் போய்விடுவார் என்று சொன்னார். "பதினேழு முடிந்திருக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் பதினைந்து என்று இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் வயது எல்லாம் உத்தேசம்தானே. தகப்பனார் நீங்கள். சரியான வயது என்னவென்று நீங்கள் சத்தியம் செய்துகொடுத்தால் அதுதான் வயது" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் கேட்டது சரியான வயதைத்தான்.

பக்கத்தில் நின்ற நடேசனைப் பார்த்து, "உனக்குப் போக விருப்பமா?" என்றும் கேட்டார்.

"யெஸ், சார்" என்றான் நடேசன்.

அவன் பிரம்படி வேண்டுமா என்று கேட்டாலும் அந்த அறையில் யெஸ், சார் என்றுதான் சொல்லியிருப்பான். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. பையனே சம்மதித்துவிட்டான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

முத்தையாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, படிப்பு அவனுக்கு வரும்லா, அது எனக்குத் தெரியும். ஆனா இப்பகூட எங்க சின்னவனோட கோலி ஆடிக்கிட்டு, தோத்தா அழுவுறான். அவனக் கொண்டுபோயி பொணத்த அறுன்னு விடப்போறீங்களா? ரெண்டு வருசம் இங்கயே கெடக்கட்டுமே. சோறு நான் போடுறேன்."

"சும்மா இருந்தா கெட்டுப் போயிடுவான் முத்தையா. எடமும் போயிடும்."

"எடம் போனா போவுது. இன்னொரு எடம் வரும்."

"ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டேன். பத்து வருஷம் என் பிள்ளைக்குச் சோறு போட்ட மனிதனிடம் சொன்ன வார்த்தை அது. அவர் எழுந்து குளிக்கப் போனார்.

கனகத்திடம் நான் கேட்கவே இல்லை, சொன்னேன். அவள் ஜாதக நோட்டு வைத்திருந்த தகரப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஏங்க, நோட்டுல ஒரு வயசு, காயிதத்துல ஒரு வயசுன்னா அவனுக்கு எந்த வயசு நடக்கும்?" என்று கேட்டாள். படிக்காதவள் கேள்வி என்று சிரித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், இடம் போய்விடும் என்ற பயம் பாதிதான். மீதி என் ஆசை. பதினைந்து வருஷமாக டாக்டர் துரைமாருக்குப் பின்னால் மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். கோயில் திருவிழாவில் தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமார் எல்லாம் "டாக்டர் அப்பா வாராரு" என்று எனக்கு வழிவிட்டார்கள், பையன் இன்னும் ரயிலே ஏறாதபோது. அது எனக்கு இனித்தது.

தைப்பிங்கில் சத்தியக் காகிதம் எழுதினோம். வழக்கம்போல மழை. கோர்ட் தாழ்வாரத்தில் மனு எழுதுகிறவர் மையைத் தொட்டுக்கொண்டு, "எத்தன போடட்டும், டிரஸர் ஐயா?" என்று கேட்டார். சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கும் குரல். நானும் என் ஆஸ்பத்திரியில் அதே குரலில்தான் கேட்பேன். "பதினேழு" என்றேன். உள்ளே போய்க் கையை உயர்த்திச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். வாயைத் திற என்று நடேசனிடம் யாரும் சொல்லவில்லை.

ஈப்போ ஸ்டேஷனில் ரயில் புறப்படும் முன் அவன் ஜன்னலில் குனிந்து கேட்டான்: "அப்பா, அங்க கூடப் படிக்கிறவங்க கேட்டாலும் பதினேழுன்னுதான் சொல்லணுமா?"

"ஆமாடா."

"முத்தையா மாமா கடுதாசி போட்டா?"

"எல்லாருக்கும் பதினேழுதான்" என்றேன்.

4

முதல் இரண்டு கடிதங்கள் தமிழில் அம்மா பேருக்கு வந்தன. பிறகு இங்கிலீஷில் என் பேருக்கு. அது எனக்குப் பெருமையாக இருந்தது. கனகத்துக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். சில வரிகளைத் தாண்டிவிடுவேன்.

தாண்டிய வரிகளை இப்போது எழுதுகிறேன். விடுதியில் அவன் அறையில் இருந்தவர்கள் பினாங்குச் சீனர் ஒருவரும், மலாக்காக்காரர் ஒருவரும். இரண்டு பேரும் இருபதைத் தாண்டியவர்கள். தினமும் சவரம் செய்கிறார்கள், சினிமாவுக்குப் போகிறார்கள். இவனையும் கூப்பிட்டார்கள், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அறுவைக் கூடத்தில் முதல் நாள் வாந்தி எடுத்தான். அது எல்லோருக்கும் நடப்பதுதான், இரண்டாம் வாரம் சரியாகிவிட்டது. சரியாகாதது வேறு. ஒரு நாள் ஆஸ்பத்திரி வார்டில் மாணவர்களின் பேர்ப் பட்டியல் எடுத்த டாக்டர் எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டிருக்கிறார். வாய் தவறி உண்மையான வருஷத்தைச் சொல்லிவிட்டான். அவர் பட்டியலைப் பார்த்து, தன் பிறந்த வருஷமே தெரியாதவன் டாக்டராகப் போகிறானா என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இவனுக்கு மட்டும் அன்று முதல் பயம். எவர் எது கேட்டாலும் மனதுக்குள் இரண்டைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பானாம். எந்த வருஷம் எந்த வகுப்பு படித்தாய், மலாயாவுக்கு வந்தபோது எத்தனை வயது, எல்லாவற்றுக்கும் கணக்கு. கடைசியில் பேசாமல் இருப்பதே சுலபம் என்று இருந்துவிட்டான்.

அதற்கு நான் எழுதிய பதில்: "பிறந்த வருஷத்தை நன்றாக மனப்பாடம் செய்துகொள். தினமும் மூன்று முறை எழுதிப் பார்." வேறு ஒன்றும் எழுதவில்லை. வீட்டுக்கு வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி, கேட்கவில்லை.

முதல் வருஷப் பரீட்சையில் தவறிவிட்டான். மறுபடி எழுத ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அன்று காலை பரீட்சைக் கூடத்து வாசல்வரை போயிருக்கிறான். உள்ளே போகிறவர்கள் வாசலில் பேரும் வயதும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசையில் நின்றவன் தன் முறை வந்ததும் விலகி நடந்து கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். உபகாரச் சம்பளம் நின்றது. தகர டிரங்கோடு ஈப்போவில் இறங்கி, முதலில் முத்தையா வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். அவர் உடனே இலையைப் போட்டாராம்.

5

நான் சும்மா இருக்கவில்லை. பையனுக்கு உண்மையில் பதினாறுதான், அவசரப்பட்டு அனுப்பியது என் தவறு, காலம் வரும்போது இன்னொரு முறை சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம் என்று தைப்பிங்குக்கே போனேன். அதே மழை, அதே தாழ்வாரம். மனு எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன ஐயா பேசுறீங்க? அன்னைக்குப் பண்ணுன சத்தியம் பொய்யின்னு இன்னைக்கு இன்னொரு சத்தியமா? அது ரொம்ப சூசா, பெரிய தொல்லை ஐயா, உள்ளாற தூக்கிப் போட்டுருவான். ஒங்க வேலையும் போவும். பையன் பேருலயும் பொய்க்காரன்னு எழுதிருவான். அவனுக்கு வயசு பதினெட்டு. அப்படியே இருக்கட்டும், வுட்டுருங்க."

அப்படியே விட்டேன். பொய் சொல்ல ஒரு கையெழுத்துப் போதும். அதை எடுக்க எந்த ஆபீசிலும் வழி இல்லை.

திரும்பி வந்த வாரமே தோட்டத்து மானேஜர் துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். செக்ரோல் எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டதால் இடம் காலி. "உன் மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதல்லவா? சும்மா ஏன் இருக்கிறான்?" என்றார். பதினாறு வயதுப் பையனுக்கு அந்த வேலை கிடைக்காது. என் கையெழுத்து வாங்கிக்கொடுத்தது. ஊரார் பிள்ளைகளுக்கு எழுதிய அதே பேனாவால் என் பிள்ளையையும் பெரட்டுக் களத்தில் நிறுத்திவிட்டேன். கனகத்துக்கு இது என்னைவிட முன்பே விளங்கிவிட்டது. அவள் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேற்றோடு அவனுக்குப் பதினேழு. காத்திருந்தால் இனிமேல்தான் புறப்பட்டிருப்பான். மீசையும் இப்போதுதான் அரும்புகிறது.

6

இன்று காலை நடந்ததையும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

ஒரு கங்காணி தன் ஆட்களில் ஒருவரின் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அஞ்சலை என்று பெயர். பின்னால் அவள் தாய், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. "பாத்துப் போடுங்க ஐயா. வூட்டுல வாய் நெறையா இருக்கு" என்றார் கங்காணி. பின்னோடு நடேசன் செக்ரோல் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து மேஜை ஓரத்தில் நின்றான்.

பிள்ளையை வாயைத் திறக்கச் சொன்னேன். விரலை விட்டேன். ஈறு வழவழவென்று இருந்தது. பத்துக்கு மேல் ஒரு நாள்கூடச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். அவள் என் விரலைக் கடித்துவிடாமல் பயந்து பயந்து மூச்சுவிட்டாள்.

"பத்து" என்றேன்.

கங்காணி என்னைப் பார்த்தார். "ஐயா?"

"பத்து வயசுதான். ரெண்டு வருசம் கழிச்சுக் கூட்டிக்கிட்டு வாங்க."

தாயின் முகம் தொங்கிப்போயிற்று. அவளுக்கு நான் இன்று நல்லது செய்துவிடவில்லை, அது எனக்குத் தெரியும். இடுப்பிலிருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கங்காணி முனகிக்கொண்டே பின்னால் போனார்.

நடேசன் மட்டும் நகரவில்லை. புத்தகத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தான். அஞ்சலை என்ற பேருக்கு நேரே, அவனுடைய அழகான கையெழுத்தில், பன்னிரண்டு என்று மை காய்ந்திருந்தது.

"ஏண்டா, நான் பாக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டியா?"

"நீங்க எப்பவும் அதானேப்பா போடுவீங்க" என்றான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அடிச்சிடு" என்றேன்.

அவன் அளவுகோலை வைத்து அந்த வரியின்மேல் நேராக ஒரு கோடு போட்டான். ஓரத்தில் தேதியும் தன் பேரின் முதலெழுத்துகளும் போட்டுவிட்டு, புத்தகத்தை என் பக்கம் திருப்பினான். "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. இத அடிச்சுத் திருத்தலாம்ப்பா" என்றான்.

போட்டேன். ஊதிக் காயவைத்து, மூடி, அக்குளில் வைத்துக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது இரண்டு படிகளைச் சேர்த்துத் தாண்டினான், புந்தோங்கில் முத்தையா வீட்டுப் படியில் தாண்டுவதைப் போலவே. பிறகு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கிராணிமார் நடப்பது மாதிரி மெதுவாக நடந்தான்.

பஞ்சு, உன் பையன் வீட்டில் இருக்கட்டும்.